ஏழு சொற்களும் ஓர் ஆணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தோனேசிய நாடாளுமன்றத்துக்குப் பெயர் 'தேவான் பெர்வாக்கிலான் ரக்யாத்'. கேட்க அந்நியமாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் மூன்றும் நம் ஊரில் புழங்கிய சொற்கள். தேவான், நம் திவான். நடுவில் ஒளிந்திருக்கும் 'வாக்கில்', கறுப்புக் கோட்டுப் போட்டு நமக்காகப் பேசுகிற வக்கீல். ரக்யாத், ரயத்துவாரி முறையில் வருகிற ரயத். குடிகளின் வக்கீல்கள் கூடும் திவான் என்று பொருள். கூடவே இன்னொரு பேரவை உண்டு, 'மஜலிஸ் பெர்முஸ்யாவராத்தான் ரக்யாத்'. பள்ளிவாசல் ஜமாஅத்தில் "மசூரா பண்ணி முடிவெடுப்போம்" என்பார்களே, அந்த மசூராதான் இந்தப் பெயருக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் ஆள் கிடைக்கும், இரண்டு பக்கத்துக்கும் வசனம் கிடைக்கும். நடுவர் பாடுதான் திண்டாட்டம். அதனால் கேள்வியை மேடையிலிருந்து இறக்கி ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம். இந்தோனேசியாவில் சுமார் 28 கோடிப் பேர். நூற்றுக்கு 87 பேர் முஸ்லிம்கள். 2024 பிப்ரவரி 14, புதன்கிழமை நடந்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 20 கோடியே 48 லட்சம் பேர். சாவடிகள் 8 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். நம் நாட்டைப் போலக் கட்டம் கட்டமாக இல்லை. உள்நாட்டில் ஒரே நாள், காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை, ஆறு மணி நேரம். நாட்டு அரசியல் சட்டத்தைத் தலை முதல் கால் வரை தேடினாலும் 'இஸ்லாம்' என்ற சொல் கிடைக்காது. அது எப்படி நேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் மார்க்கத்தின் பக்கத்திலிருந்து வரும் தடையைச் சொல்லிவிட வேண்டும். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஆணையிடும் அதிகாரம் அல்லாஹ்வுக்கே" என்று குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் சொல்கிறது. அப்படியானால் மனிதர்கள் கை தூக்கிச் சட்டம் போடுவது எந்த அதிகாரத்தில்? இது நேற்று முளைத்த கேள்வி இல்லை. 657இல் சிஃப்பீன் போருக்குப் பிறகு, தகராறைத் தீர்க்க நடுவர்களை வைக்க, நபிக்குப் பின் ஆண்ட கலீபாக்களில் நான்காமவரான அலி சம்மதித்தபோது, "தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே" என்று முழங்கிக்கொண்டு ஒரு கூட்டம் பிரிந்து போனது. அவர்கள்தான் காரிஜிய்யாக்கள். அலி சொன்னதாக வழங்கும் பதில் இன்றைக்கும் செல்லும்: சொல் உண்மையான சொல், அதைக்கொண்டு நாடுவதுதான் பொய். ஆட்சி செய்ய ஒரு மனிதன் வேண்டுமே, வேதம் தானாக எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லாதே என்பது அவர் வாதம்.

மறுபக்கத்தில் இருப்பது ஷூரா, அதாவது கலந்தாலோசனை. 42ஆம் அத்தியாயம் 38ஆம் வசனம், நம்பிக்கையாளர்களின் காரியங்கள் தங்களுக்குள் ஆலோசித்து நடக்கும் என்கிறது. இதுவே ஜனநாயகம் என்று சிலர் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாக முடியாது. 3ஆம் அத்தியாயம் 159ஆம் வசனம் நபியிடம் அவர்களோடு ஆலோசிக்கச் சொல்லிவிட்டு, "நீர் முடிவு செய்துவிட்டால்" என்று ஒருமைக்கு மாறுகிறது. ஆலோசனை கேட்பது கடமை, கேட்ட ஆலோசனைக்குத் தலைவர் கட்டுப்பட்டவரா? கட்டுப்படுத்தும் ஷூரா, அறிவிக்கும் ஷூரா என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு மார்க்க அறிஞர்களான உலமாக்கள் வாதாடுவது இந்த இடத்தில்தான். எத்தனை பேரிடம் கேட்பது, அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார், தலைவர் தப்புச் செய்தால் இறக்குவது எப்படி, எதற்கும் வசனத்தில் விதிமுறை கிடையாது. முதல் நான்கு கலீபாக்களையே பாருங்கள். 632இல் அபூபக்கர், ஸகீஃபா என்ற மண்டபத்தில் நடந்த வாக்குவாதத்தின் முடிவில் தேர்வானார். அவர் தமக்குப் பின் உமரைப் பெயர் சொல்லி நியமித்தார். உமர் 6 பேர் கொண்ட குழு வைத்தார். அலியை மதீனாவாசிகள் நேராக வந்து கைகொடுத்து ஏற்றார்கள். நான்கு பதவியேற்பு, நான்கு முறை. வழிமுறை காலியிடமாக விடப்பட்டிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். காலியிடத்தை மன்னர் நிரப்பினால் மன்னராட்சி. ராணுவம் நிரப்பினால் ராணுவ ஆட்சி.

இந்தோனேசியா அதை நிரப்பிய கதை 1945இல் தொடங்குகிறது. ஜப்பானியப் பிடி தளர்ந்துகொண்டிருந்த நேரம். ஜூன் 1ஆம் தேதி, பின்னாளில் முதல் ஜனாதிபதியான சுகர்ணோ 5 கொள்கைகளை முன்வைத்தார். பெயர் பஞ்சசீலம், சமஸ்கிருதச் சொல். ஜூன் 22ஆம் தேதி 9 பேர் குழு ஒன்று முகவுரையின் வரைவை எழுதியது. அதில் இறைநம்பிக்கை என்ற கொள்கையோடு ஏழு சொற்கள் ஒட்டியிருந்தன. இந்தோனேசிய மொழியில் எண்ணினால் சரியாக ஏழு: 'இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரீஅத்தை நிறைவேற்றும் கடமையோடு' என்பது அவற்றின் பொருள். ஜனாதிபதி முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்ற வாசகமும் பிற்பாடு வரைவில் சேர்ந்தது.

ஆகஸ்ட் 17 சுதந்திரப் பிரகடனம். அன்று மாலையே ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவர் சுகர்ணோவின் சகா முகம்மது ஹத்தாவிடம் வந்தார்: அந்த ஏழு சொற்கள் இருந்தால் கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் குடியரசில் சேர மாட்டார்கள். மறுநாள் காலை கூட்டத்துக்கு முன் ஹத்தா இஸ்லாமியத் தலைவர்களை அழைத்துப் பேசினார். கடைசிவரை பிடிகொடுக்காமல் நின்றவர் முஹம்மதிய்யா இயக்கத்தின் கி பாகுஸ் ஹதிகுசுமோ. முடிவில் ஏழு சொற்களும் போயின; இடத்தில் 'ஏகனாகிய இறைவன்' என்ற தொடர் வந்தது. ஜனாதிபதியின் மத நிபந்தனையும் போனது. எழுதி 57 நாள்தான் ஆகியிருந்தது. அந்த 57 நாள் வரைவை மறக்க முடியாமல் ஒரு சாரார் அடுத்த 57 ஆண்டுகள் போராடினார்கள்.

1955இல் முதல் பொதுத்தேர்தல். இஸ்லாமியக் கட்சிகளில் மஸ்யூமிக்கு சுமார் 21 சதவீதம், நஹ்தலத்துல் உலமாவுக்கு 18க்கும் மேல். சிறு கட்சிகளையும் கூட்டினாலும் மொத்தம் 45ஐத் தொடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் சட்டம் எழுதத் தனியாக ஒரு சபையும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் பாண்டுங்கில் கூடியது. அங்கே 1959 மே 29ஆம் தேதி ஏழு சொற்களை மீண்டும் சேர்ப்பதற்கு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 201, எதிர்ப்பு 265. சரி, ஏழு சொற்கள் இல்லாமல் 1945ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே திரும்பலாமா என்று மூன்று முறை கேட்டார்கள். முதல் முறை ஆதரவு 269, எதிர்ப்பு 199. பெரும்பான்மை இருந்தது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு இல்லை. சபை முட்டுச்சந்தில் நின்றது.

இந்த முட்டுச்சந்தைக் காட்டித்தான் "பார்த்தீர்களா, மதக் கட்சிகளால் ஜனநாயகம் செத்தது" என்று பல பேர் எழுதுகிறார்கள். சபையைக் கலைத்தது யார் என்று பார்க்க வேண்டாமா? ஜூலை 5ஆம் தேதி ராணுவத்தின் ஆதரவோடு ஆணை போட்டுக் கலைத்தவர் சுகர்ணோ. அடுத்த ஆண்டு மஸ்யூமி தடை செய்யப்பட்டது. பின்னால் வந்த ஜனாதிபதி சுஹார்த்தோ 1973இல் இஸ்லாமியக் கட்சிகள் எல்லாவற்றையும் ஒரே கட்சியாக அடைத்தார். அவர் 1998 மே 21ஆம் தேதி பதவி விலகும்வரை வாக்குச்சாவடி இருந்தது, தேர்வு இல்லை. வாக்கு கேட்டுத் தோற்ற உலமாக்களைவிட, வாக்கே கேட்காமல் ஆண்ட இந்த இருவரால்தான் அந்த நாட்டு ஜனநாயகம் 40 ஆண்டு முடங்கியது.

சுஹார்த்தோ போனபின் பழைய சட்டத்தை ஒரேயடியாக வீசவில்லை. 1999 முதல் 2002 வரை நான்கு தவணையாகத் திருத்தினார்கள். ஏழு சொற்கள் திரும்பவும் மேசைக்கு வந்தன. இம்முறை 29ஆம் பிரிவில் சேர்க்கச் சொல்லி. கேட்டவை சில இஸ்லாமியக் கட்சிகள். வேண்டாம் என்று சொன்னவர்கள் யார் தெரியுமா? நாட்டின் ஆகப் பெரிய இரண்டு இஸ்லாமிய அமைப்புகளின் தலைவர்கள்: 1926இல் தொடங்கிய நஹ்தலத்துல் உலமாவின் ஹாஸிம் முஸாதி, 1912இல் தொடங்கிய முஹம்மதிய்யாவின் ஷாஃபி மஆரிஃப். 1945இல் கி பாகுஸ் விடாப்பிடியாகக் கேட்ட அதே முஹம்மதிய்யா! 2002 ஆகஸ்டில் கோரிக்கை வாக்கெடுப்புக்கே போகாமல் அடங்கியது. 29ஆம் பிரிவு பழையபடியே இருந்தது.

மனம் மாறியது ஒரு நாளில் இல்லை. 1970இல் நூர்ஹோலிஷ் மஜீத் என்ற இளம் அறிஞர், இஸ்லாம் வேண்டும், இஸ்லாமியக் கட்சி வேண்டாம் என்ற பொருளில் ஒரு முழக்கத்தை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். 1984இல் ஸிதுபொந்தோ மாநாட்டில் நஹ்தலத்துல் உலமா பஞ்சசீலத்தை ஏற்றது. சுஹார்த்தோவின் நெருக்கடியும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே போட்ட மார்க்க வாதம் நெருக்கடி போனபின்னும் நின்றது: ஏகத்துவத்துக்கு முரணில்லாத அரசில் முஸ்லிம் தன் மார்க்கத்தை நடத்த முடிகிறது என்றால் அந்த அரசு போதும்.

ஆனாலும் இது மதச்சார்பற்ற அரசு என்று நினைத்துவிடாதீர்கள். மத விவகார அமைச்சு உண்டு. முஸ்லிம்களின் திருமணம், வாரிசு வழக்குகளுக்கு அரசே நடத்தும் மத நீதிமன்றங்கள் உண்டு. அடையாள அட்டையில் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் எழுத அரசு ஏற்ற மதங்கள் ஆறு. பழங்குடி நம்பிக்கைக்காரர்கள் அந்தக் கட்டத்தில் தங்கள் நம்பிக்கையைக் குறிக்கும் உரிமையை 2017இல்தான் அரசியல் சட்ட நீதிமன்றம் தந்தது. ஏழு சொற்களை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக இத்தனை இடம் கொடுக்கப்பட்டது. பேரம்தான். அரசியல் சட்டம் என்றாலே பாதி பேரம்.

இனி வாக்குச்சாவடிக்குப் போவோம். எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 300 வாக்காளர். நடத்துபவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள் 7 பேர், காவலுக்கு 2 பேர். பள்ளிக்கூடத்திலும் நடக்கும், தெருவில் பந்தல் போட்டும் நடக்கும். ஏழு பேரும் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுத்த பிறகே பெட்டி திறக்கும். 2024இல் பெரும்பாலான இடங்களில் ஒரு வாக்காளருக்கு ஐந்து வாக்குச்சீட்டு: ஜனாதிபதிக்குச் சாம்பல் நிறம், நாடாளுமன்றத்துக்கு மஞ்சள், மாகாணப் பிரதிநிதிகள் சபைக்குச் சிவப்பு, மாகாண மன்றத்துக்கு நீலம், மாவட்ட மன்றத்துக்குப் பச்சை. ஐந்துக்கும் ஐந்து பெட்டி. நாடாளுமன்றச் சீட்டு 51 சென்டிமீட்டருக்கு 82. மறைப்புக்குள் விரித்தால் செய்தித்தாள் விரித்த மாதிரி. பேனா, முத்திரை எதுவும் கிடையாது. மறைப்புக்குள் ஓர் ஆணி, கீழே வைத்துக் குத்த மெத்தென்ற அட்டை. பிடித்த பெயரில் ஆணியால் ஒரு குத்து. 2009இல் பேனாவால் குறி போடும் முறைக்கு மாறிப் பார்த்தார்கள். அடுத்த தேர்தலிலேயே ஆணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆணியிலும் சிக்கல் உண்டு. சீட்டை முழுதாக விரிக்காமல் குத்துபவர்கள் நிறையப் பேர். மடிப்பில் இரண்டு துளை விழும். செல்லாது என்று ஒதுக்கினால் வாக்குகள் வீணாகும். அதனால் விதி எழுதினார்கள்: மடித்துப் பார்த்தால் இரண்டு துளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும், இரண்டாவது துளை வேறு வேட்பாளர் மேல் விழுந்திருக்கக் கூடாது, அப்படியானால் செல்லும். 

குத்திவிட்டு வந்தால் விரலை மையில் தோய்க்க வேண்டும். மையிலும் மார்க்கம் வந்துவிட்டது! நம் முஸ்லிம் நேயர்களுக்குத் தெரியும்: நகப்பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளு கூடாது, மருதாணி இருந்தால் கூடும், முன்னது தண்ணீரைத் தடுக்கும், பின்னது தடுக்காது. தேர்தல் மை இரண்டில் எந்த வகை? சாவடி மூடும் பிற்பகல் 1 மணி லுஹர் தொழுகை நேரம் வேறு. அதனால் மை வாங்கும்போதே உலமா சபையின் ஹலால் சான்று கேட்கிறார்கள்; தண்ணீர் ஊடுருவ வேண்டும், ஆனால் கழுவினால் போகக் கூடாது. "ஒத்துப்போகுமா" என்ற பெரிய கேள்விக்கு இந்த ஒரு குப்பி மை சொல்லும் பதில் எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. தகராறு செய்யவில்லை, கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்.

எண்ணிக்கை அதே சாவடியில், எல்லார் கண்முன். முதலில் ஜனாதிபதிச் சீட்டு. தலைவர் ஒவ்வொரு சீட்டாக விரித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார், துளை தெரியும். 'ஸா!' என்று குரல் எழும், செல்லும் என்று அர்த்தம். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஐந்தைந்தாகக் கோடு விழும். கட்சிகளின் சாட்சிகளுக்குப் படிவத்தின் நகல் கொடுப்பார்கள்; நிற்கிற யாரும் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் படிவம் வட்டாரம், மாவட்டம், மாகாணம் என்று ஏறித் தலைநகருக்குப் போகும். 2024இல் முடிவை அறிவித்த தேதி மார்ச் 20. முப்பத்தைந்து நாள். மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டு லட்சம் சுவரில் எட்டு லட்சம் தாளைப் பார்த்தவர்களை ஏமாற்றுவது கஷ்டம்.

எங்கே பிசகுகிறது என்றும் சொல்ல வேண்டும். 2019இல்தான் முதன்முதலாக ஐந்து சீட்டையும் ஒரே நாளில் வைத்தார்கள். காலையில் உட்கார்ந்தவர்கள் மறுநாள் விடிந்தும் எழவில்லை. தேர்தல் ஆணையத்தின் கணக்குப்படி 894 சாவடிப் பணியாளர்கள் இறந்தார்கள், 5,000க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். விஷம் வைத்தார்கள் என்றெல்லாம் வதந்தி பரவியது. இதய நோயும் ரத்த அழுத்தமும் முன்பே இருந்தவர்கள், ஓய்வில்லாத வேலை, காரணம் அதுதான். 2024க்குப் பணியாளர் வயது 17 முதல் 55 வரை என்று வரம்பு வைத்து, உடல் பரிசோதனையும் கேட்டார்கள். அந்தத் தேர்தலில் வேறொன்று சொதப்பியது. சுவர்த் தாளைப் படம் பிடித்து எண்ணைத் தானாகப் படிக்கும் செயலி, கையெழுத்தைத் தப்பாகப் படித்து 300 பேர் சாவடியில் அதைத் தாண்டிய வாக்கைக் காட்டியது. கடைசியில் ஆணையம் இணையத்தில் எண் காட்டுவதை நிறுத்திப் படிவத்தின் படத்தை மட்டும் வைத்தது. காகிதம்தான் மானத்தைக் காப்பாற்றியது.

பணத்துக்கு அங்கே ஒரு செல்லப்பெயர் உண்டு: 'ஸெராங்கான் ஃபஜர்', வைகறைத் தாக்குதல். ஃபஜ்ர் தொழுகை நேரத்தில் வீடு வீடாக உறை வரும். வாக்களிப்பு நாளில் கொடுப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது 2017ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம். உலமாக்கள் லஞ்சம் ஹராம் என்கிறார்கள். உறை நிற்கவில்லை. தமிழ்நாட்டு நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது சட்டத்தின் அமைப்பு. மதக் கட்சி வைக்கத் தடை இல்லை. ஆனால் எந்தக் கட்சியானாலும் தேர்தலில் நிற்க வேண்டுமானால் எல்லா மாகாணத்திலும், ஒவ்வொரு மாகாணத்தின் முக்கால் பங்கு மாவட்டத்திலும் கிளை வேண்டும். முஸ்லிம்கள் சிறுபான்மையான பாப்புவாவிலும், இந்துக்கள் பெரும்பான்மையான பாலியிலும் அலுவலகம் திறந்தாக வேண்டும். ஜனாதிபதியாக வேண்டுமானால் பாதிக்கு மேல் வாக்கு மட்டும் போதாது. பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் குறைந்தது 20 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் ஜாவா தீவில் இருக்கிறார்கள். ஜாவாவை மட்டும் கூட்டி நாட்டைப் பிடிக்க முடியாதபடி பூட்டு இது. உபதேசம் செய்யாமலே மதக் கட்சியை நடுவுக்கு இழுத்துவரும் விதிகள் இவை.

இஸ்லாமியத் தளத்தில் நிற்கும் நான்கு கட்சிகளின் வாக்கை 2024இல் கூட்டினால் 30 சதவீதம். 1973இல் சுஹார்த்தோ அடைத்துவைத்த பழைய கட்சி 3.87 சதவீதம் வாங்கியது. நாடாளுமன்றத்துக்குள் போகத் தேவை 4. வெளியே நின்றுவிட்டது. பக்தி குறைந்துவிட்டதா என்றால் இல்லை. மஸ்ஜிதுகள் நிரம்புகின்றன, தலைமுக்காடு கூடியிருக்கிறது. எல்லாக் கட்சியும் மார்க்கம் பேசத் தொடங்கிவிட்டதால் தனிக் கட்சிக்கு வேலை குறைந்தது. சுகர்ணோவின் மகள் மேகவதி தலைமை தாங்கும் தேசியவாதக் கட்சியே 2007இல் முஸ்லிம் அணி ஒன்றைத் தொடங்கிவிட்டது. இதில் கெடுதலும் உண்டு. மாவட்டங்களில் ஷரீஅத் சாயலில் உள்ளூர் விதிகள் போட்டவர்களில் பலர் இஸ்லாமியக் கட்சிக்காரர்களே இல்லை. தேசியவாதக் கட்சிகளின் மாவட்டத் தலைவர்கள், அடுத்த தேர்தலுக்காகப் போட்டார்கள்.

எனக்கு மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். 2016இல் ஜகார்த்தாவின் ஆளுநர், சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். ஊர் அறிந்த பெயர் அஹோக். செப்டம்பர் 27ஆம் தேதி ஆயிரம் தீவுகள் பகுதியில் மீனவர்களிடம் பேசும்போது 5ஆம் அத்தியாயம் 51ஆம் வசனத்தைக் குறிப்பிட்டார். யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் 'அவ்லியா' ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்பது வசனம். நிக்காஹ்வில் பெண்ணுக்கு 'வலி' நிற்கிறாரே, அதன் பன்மை. தமிழ்க் குர்ஆன்களிலேயே 'பாதுகாவலர்' என்றும் 'உற்ற நண்பர்' என்றும் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. இந்தோனேசியாவில் பரவலாக இருந்த பழைய பதிப்பில் 'தலைவர்கள்'. அமைச்சின் திருத்திய பதிப்பில் 'நெருங்கிய நண்பர்கள்'. தலைவர் என்று வாசித்தால் அவருக்கு வாக்கு போடக்கூடாது. நண்பர் என்று வாசித்தால் பேச்சே வேறு. அஹோக் சொன்னது, இந்த வசனத்தை வைத்து உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று. சமூக ஊடகத்தில் பரவிய எழுத்து வடிவத்தில் 'வைத்து' என்று பொருள்படும் 'பாக்கை' என்ற ஒரு சொல் விழுந்துபோயிருந்தது. வசனமே ஏமாற்றுகிறது என்று ஆகிவிட்டது. டிசம்பர் 2ஆம் தேதி தலைநகரின் நடுவில் லட்சக்கணக்கில் கூட்டம்.

முதல் சுற்றில் அஹோக் சுமார் 43 சதவீதத்தோடு முன்னால் இருந்தார். 2017 ஏப்ரல் 19ஆம் தேதி இரண்டாம் சுற்றில் 42 வாங்கித் தோற்றார். தோற்பது ஜனநாயகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மே 9ஆம் தேதி நடந்தது வேறு. அந்தப் பேச்சுக்காக அவர் மேல் நடந்த வழக்கில் அரசுத் தரப்பு கேட்டது நன்னடத்தைக் கண்காணிப்போடு கூடிய லேசான தண்டனை. நீதிபதிகள் மதநிந்தனைப் பிரிவான 156ஏ-யின்கீழ் 2 ஆண்டு சிறை கொடுத்தார்கள். அந்தப் பிரிவு வந்தது எந்த நாடாளுமன்றத்தின் வழியாகவும் இல்லை. 1965இல் சுகர்ணோ போட்ட ஆணை. 2010இல் அதை அரசியல் சட்ட நீதிமன்றம் 8க்கு 1 என்று காப்பாற்றியது. ஆக, மார்க்கம் ஜனநாயகத்தோடு மோதியது என்று இதைச் சொல்லலாமா? பாதிதான் சொல்லலாம். சர்வாதிகாரம் தொடங்கிய காலத்து ஆயுதம் ஒன்று சட்டப் புத்தகத்தில் தீட்டியபடியே கிடந்தது. கூட்டம் கூடியபோது கைக்கு எட்டியது. அதே புத்தகத்தில் அது இல்லாதிருந்தால் கோபம் வாக்குப்பெட்டியோடு முடிந்திருக்கும்.

அச்சே மாகாணம் தனி. 30 ஆண்டு ஆயுதப் போருக்குப் பின் 2005 ஹெல்சிங்கி உடன்படிக்கை, 2006இல் தன்னாட்சிச் சட்டம். அங்கே ஷரீஅத் குற்றவியல் உண்டு, பொது இடத்தில் கசையடி உண்டு, தேர்தலில் நிற்கும் முஸ்லிம் குர்ஆன் ஓதிக் காட்டித் தேற வேண்டும். வாக்கு கேட்கும் தகுதியை ஓதலில் சோதிப்பதை நான் ஏற்கவில்லை. போரை நிறுத்தக் கொடுத்த விலை என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் சமீபத்தில் தேர்தலின் அடித்தளத்தை ஆட்டியது வேதமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஜனாதிபதி வேட்பாளருக்கும் துணை வேட்பாளருக்கும் வயது 40 ஆக வேண்டும் என்பது விதி. 2023 அக்டோபர் 16ஆம் தேதி, உள்ளாட்சித் தலைவராக இருந்தவருக்கு அது வேண்டாம் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. தலைமை நீதிபதி அன்றைய ஜனாதிபதி ஜோக்கோ விடோடோவின் தங்கை கணவர். பலன் பெற்றவர் ஜனாதிபதியின் 36 வயது மகன். அடுத்த மாதமே ஒழுங்குக் குழு தலைமை நீதிபதியை அந்தப் பதவியிலிருந்து இறக்கியது. தீர்ப்பு மட்டும் நின்றது. தேர்தல் முடிவை எதிர்த்த வழக்கு 2024 ஏப்ரல் 22ஆம் தேதி தள்ளுபடியானபோது 8 நீதிபதிகளில் 3 பேர் மாறுபட்டு எழுதினார்கள். மூவர் மாறுபட்டு எழுத முடிந்ததே, அதை நான் நல்ல கணக்கில் சேர்க்கிறேன். துனிசியாவிலும் இதே பாடம்தான். ஷரீஅத் வாசகத்தைக் கேட்க மாட்டோம் என்று 2012லேயே சொன்னது இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா. 2014 ஜனவரியில் 216 பேரில் 200 பேர் ஆதரவோடு அரசியல் சட்டம் நிறைவேறியது. 2021 ஜூலை 25ஆம் தேதி நாடாளுமன்றத்தை முடக்கிய ஜனாதிபதி, அரசியல் சட்டம் கற்பித்த விரிவுரையாளர்.

இன்னும் ஒன்று. 2019இல் பஞ்சார் நகரில் கூடிய நஹ்தலத்துல் உலமாவின் உலமாக்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: தேச அரசில் முஸ்லிமல்லாத குடிமகனை 'காஃபிர்' என்று அழைக்கலாமா? பழைய ஃபிக்ஹு நூல்களை, அதாவது மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டினார்கள். அதில் நான்கு வகை: போர் தொடுப்பவர், வரி கொடுத்துப் பாதுகாப்பில் வாழ்பவர், உடன்படிக்கை செய்தவர், அடைக்கலம் கேட்டு வந்தவர். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் இந்த நான்கில் எதிலும் அடங்கவில்லை. போர் செய்யவில்லை, அடைக்கலம் கேட்க இது அந்நிய ஊர் இல்லை. ஆகவே 'முவாத்தின்', அதாவது குடிமகன், என்று எழுதினார்கள். மேற்கத்தியக் கோட்பாடு ஒன்றையும் துணைக்கு அழைக்காமல், தங்கள் மதரஸா முறையிலேயே படிப்படியாக வந்து சேர்ந்தார்கள். எதிர்ப்பும் வந்தது, குர்ஆனில் உள்ள சொல்லை மாற்ற நீங்கள் யார் என்று கேட்டார்கள். வேதத்தின் சொல்லை மாற்றவில்லை, குடியுரிமைப் பேச்சில் அதற்கு இடமில்லை என்கிறோம் என்பது பதில்.

அந்த முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டம். 2026 ஜனவரி 2 முதல் நடப்பு என்று நாள் குறித்தார்கள். பழைய 156ஏ-யின் இடத்தில் அதில் 300ஆம் பிரிவு. 'நிந்தனை' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பகை, வெறுப்பு, தூண்டுதல் என்று எழுதியிருக்கிறார்கள்; உச்ச தண்டனை 5 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைந்திருக்கிறது. மீனவர்கள் முன் "வசனத்தை வைத்து ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு வேட்பாளர் பேசினால் அது 300இல் சொல்லும் வெறுப்பா, தேர்தல் பேச்சா என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நீதிபதிக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

வணக்கம்.